கண்மாயிலும் உளுவை, கழிமுகத்திலும் உளுவை: இரண்டும் ஒரே மீன்தானா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மேலூர்ப் பக்கம் கண்மாய் வற்றும் சமயத்தில் ஊத்தா போட்டுப் பிடித்த உளுவையின் படம் ஒன்று. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் வீச்சு வலையில் வந்த மீனின் படம் இன்னொன்று. இரண்டும் அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. இது குளத்து மீனா, கடல் மீனா? இரண்டும் ஒரே இனம்தானா? கடலையே பார்க்காத கண்மாய்க்கு இது எப்படி வந்தது? சாப்பிடலாமா, வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

மீன்வளம் படித்துவிட்டு ஏரி, கண்மாய், உப்பங்கழி என்று பல வருஷம் அலைந்தவன் நான். நம் ஊரில் இந்த மீனைப் பற்றி யாரும் இவ்வளவு கவனித்துக் கேட்பதில்லை. விரால் என்றால் நூறு பேர் பேசுவார்கள். உளுவை என்றால் "அதுவா, சும்மா கலப்பு மீன்" என்று கூடையில் தள்ளிவிடுவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேர் பதில். இரண்டும் உளுவைதான். அறிவியல் பெயர் குளோசோகோபியஸ் ஜியூரிஸ். கோபி என்ற மிகப் பெரிய மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாலை ஊன்றித் தவ்வித் திரியும் மீன்களைப் பார்த்திருப்பீர்கள், அவையும் இதற்கு உறவுதான். உளுவை நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும், கடலோரத்திலும் கிடைக்கும். ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குப் போகவும் அதனால் முடியும்; போகாமல் ஒரே நீரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவிடவும் முடியும். உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

படத்தை மட்டும் வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன், மீன் கையில் இருக்க வேண்டும். அடுத்த முறை கிடைத்தால் இப்படிப் பாருங்கள். ஈரக் கையால் எடுத்து மல்லாக்கப் பிடியுங்கள். செவுளுக்குக் கீழே, நெஞ்சுப் பகுதியில், சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டியது போல ஒரு துடுப்பு இருக்கும். மற்ற மீன்களில் இடம் வலம் என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு வயிற்றுத் துடுப்புகள் இதில் ஒன்றாகச் சேர்ந்து வட்டமாகிவிட்டன. ஓடும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகாமல் தரையோடு படிந்து நிற்க இது உதவுகிறது. கழிமுகங்களில் எலியோட்ரிஸ் என்ற இன்னொரு மீன் வரும். கருத்த உடம்பு, தட்டைத் தலை, பார்த்த மாத்திரத்தில் உளுவை என்றே தோன்றும். ஆனால் அதன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பிரிந்தே இருக்கும். இந்த ஒரு அடையாளம் போதும் அதை ஒதுக்கிவிட.

அடுத்து முதுகு. முதுகில் இரண்டு துடுப்புகள் தள்ளித் தள்ளி நிற்கும்: முன்னது ஆறு முள் கொண்ட சின்ன விசிறி, பின்னது கொஞ்சம் நீளம். விரால் குஞ்சு என்று ஏமாந்து வாங்குகிறவர்கள் இதைப் பார்த்தாலே போதும். விராலுக்கும் குரவைக்கும் முதுகில் ஒரே நீளத் துடுப்பு, கிட்டத்தட்ட தலையிலிருந்து வால்வரை. அயிரைக்கு வாயோரம் மீசை இருக்கும். உளுவைக்கு மீசையே கிடையாது. உளுவையின் தலை மேலிருந்து அமுக்கி விட்டது போல் தட்டை, கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், கண் இரண்டும் உச்சியில். பழுப்பும் மஞ்சளும் கலந்த உடம்பில் பக்கவாட்டில் ஐந்தாறு கரும்பொட்டு.

கடைசி அடையாளத்தைத்தான் நான் எல்லாரிடமும் செய்து பார்க்கச் சொல்வேன். செத்த மீனின் வாயை ஒரு தீக்குச்சியால் மெதுவாகத் திறந்து நாக்கைப் பாருங்கள். நுனியில் ஒரு வெட்டு இருக்கும். நாக்கு முனை இரண்டு மடலாகப் பிளந்திருக்கும். கிரேக்க மொழியில் குளோசா என்றால் நாக்கு. அந்த நாக்கை வைத்துத்தான் 1859-ல் தியோடர் கில் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இந்தக் குழுவுக்குக் குளோசோகோபியஸ் என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பே, 1822-ல், கங்கை மீன்களைப் பற்றிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இந்த மீனை விவரித்து ஜியூரிஸ் என்ற இனப்பெயரைத் தந்துவிட்டார். புக்கானன் என்ற பெயரில் 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் வரை நடந்து கணக்கெடுத்தவர் இவர்தான்.

பெயர் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். பக்கத்து மொழிகளில் பெரும்பாலும் இந்த மீனுக்கு மணலை வைத்தே பெயர். வங்காளிகள் பேலே என்கிறார்கள். மணற்பாங்கான மண்ணுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். தெலுங்கில் இசுக தொந்து. இசுக என்றால் மணல். சிங்களத்தில் வெலிகொவ்வா; வெலி என்றாலும் மணல். ஒருவரை ஒருவர் கேட்காமலேயே மூன்று மொழிக்காரர்களும் ஒரே விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள்: இது மணல் தரையில் கிடக்கிற மீன். நம் உளுவையில் மணல் இல்லை. சிலர் உழுவை என்றும் எழுதுகிறார்கள். பழந்தமிழில் உழுவை என்றால் புலி. மீன் பெயருக்கும் புலிக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது இரை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமில்லாமல் படாது.

இனி "ஒரே இனம்தானா" என்ற கேள்வி. இது எளிய கேள்வி மாதிரித் தெரியும், ஆனால் அறிஞர்களே தலையைச் சொறியும் இடம். புத்தகங்களில் இந்த ஒரே பெயரைக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஆஸ்திரேலியா வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பரந்த இடத்தில் இருப்பதெல்லாம் ஒரே இனமாக இருக்குமா என்ற சந்தேகம் ரொம்ப நாளாகவே உண்டு. அந்தச் சந்தேகத்தை அழகாகத் தீர்த்து வைத்த ஒரு உதாரணம் ஜப்பானிலிருந்து வந்தது. 1975-ல் அகிஹிட்டோவும் மெகுரோ என்ற ஆய்வாளரும் சேர்ந்து, அதுவரை உளுவை என்று நினைக்கப்பட்ட மீன்களிலிருந்து குளோசோகோபியஸ் ஆரியஸ் என்று தனி இனம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். ஆமாம், அதே அகிஹிட்டோதான்: அப்போது பட்டத்து இளவரசர், 1989-ல் ஜப்பானின் பேரரசர், 2019-ல் பதவி துறந்தவர். கோபி மீன்களை ஆராய்வது அவருடைய வாழ்நாள் வேலை. பிற்காலத்தில் ஒரு கோபி பேரினத்துக்கே அகிஹிட்டோ என்று பெயர் சூட்டினார்கள்.

அவர் எதைப் பார்த்துப் பிரித்தார் என்பதுதான் முக்கியம். சாதாரண மீன்களின் உடம்பில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும். தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு அது. கெண்டையில் தெளிவாகத் தெரியும். கோபி மீன்களுக்கு உடம்பில் அந்தக் கோடு கிடையாது. அதற்குப் பதிலாகத் தலையிலும் கன்னத்திலும் மிக நுண்ணிய முளைகள் வரிவரியாக இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உளுவையின் கன்னத்தில் யாரோ ஊசியால் புள்ளிக்கோலம் போட்டது போல இருக்கும். வரிகள் எங்கே தொடங்குகின்றன, ஒற்றையா இரட்டையா, எங்கே முடிகின்றன என்பது இனத்துக்கு இனம் மாறும். வெளியே ஒன்றாகத் தெரியும் மீன்களைப் பிரிக்க இந்தப் புள்ளிகள்தான் கைகொடுத்தன. இப்போது மரபணு ஆய்வும் சேர்ந்து, ஜியூரிஸ் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்ற முடிவை நோக்கிப் போகிறது. ஆகவே உங்களுக்கு என் பதில்: மேலூர் மீனும் பரங்கிப்பேட்டை மீனும் இன்றைய கணக்கில் ஒரே இனம். இந்தப் பெயர் கங்கைப் பக்கத்து மீனுக்கு வைத்தது என்பதால், எதிர்காலத்தில் பங்கு பிரிக்கும்போது ஆப்பிரிக்காவிலும் பசிபிக் பக்கமும் பெயர் மாறினாலும் மாறலாம்.

உப்பு விஷயத்துக்கு வருவோம். ஒரு கெண்டையைத் தூக்கிக் கடலில் போட்டால் சீக்கிரம் செத்துவிடும். உளுவை எப்படிச் சமாளிக்கிறது?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எலும்பு மீன்களின் ரத்தத்தில் இருக்கும் உப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். குளத்து நீரில் உப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்படியானால் குளத்தில் இருக்கும் மீனின் உடம்புக்குள் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், உப்பு கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால் அந்த மீன் தண்ணீர் குடிப்பதே மிகக் குறைவு. சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை நிறைய வெளியேற்றும். செவுள் செல்கள் நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் உள்ளே இழுக்கும். கடலில் எல்லாம் தலைகீழ். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், எனவே மீன் தண்ணீர் குடித்தாக வேண்டும். குடித்த நீரோடு வந்த உப்பைச் செவுள் செல்கள் வெளியே தள்ள வேண்டும். கெண்டையிடம் முதல் ஏற்பாடு மட்டும் இருக்கிறது. உளுவையிடம் இரண்டும் இருக்கிறது, தேவைக்கு ஏற்ப ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்கிறது. மாறுவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். வெள்ளாற்று முகத்துவாரம் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் குடிநீர் மாதிரி ஆகிவிடும். சித்திரையில் அதே இடம் கடல் மாதிரி கரிக்கும். வேறு ஊருக்குப் போகாமல் அங்கேயே இருக்கிற மீனுக்குக்கூட வருஷத்தில் இரண்டு நீரையும் பார்த்தாக வேண்டிய கட்டாயம்.

இனி முக்கியமான கேள்வி: கண்மாய்க்கு எப்படி வந்தது?

வைகையின் கதை உங்களுக்குத் தெரியும். ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி அந்த ஆறு கடலைப் பார்ப்பதே அபூர்வம். மேலூர் வட்டாரக் கண்மாய்களில் பல, 1895-ல் முல்லைப் பெரியாற்றிலிருந்து மலையைக் குடைந்து திருப்பிய தண்ணீரை நம்பி இருப்பவை. பிறகு 1959-ல் வைகை அணையும் வந்தது. கடலிலிருந்து ஒரு மீன் ஏறிவர வேண்டுமென்றால் எத்தனை மதகு, எத்தனை கலிங்கு, எத்தனை மாதம் வறண்ட மணல்! உளுவை ஒவ்வொரு தலைமுறையும் கடலுக்குப் போய்த்தான் முட்டையிட வேண்டும் என்றால் உங்கள் கண்மாயில் அது என்றைக்கோ அற்றுப் போயிருக்கும்.

காவிரியில் அப்படி அற்றுப்போன மீன் ஒன்று உண்டு. உல்லம் என்று நம்மவர்கள் சொன்ன மீன். வங்காளிகள் இலீஷ் என்று உயிரை விடுவார்களே, அதேதான். கடலில் வளர்ந்து, முட்டையிட வெள்ளத்தோடு ஆற்றில் ஏறும். கொள்ளிடம், காவிரி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. குறுக்கே அணைக்கட்டுகள் வந்தன, 1934-ல் மேட்டூர் அணை வந்தது, கீழே வரும் வெள்ளம் குறைந்தது, உல்லமும் போனது. இப்போது காவிரிக் கரையில் அந்தப் பெயரைச் சொன்னாலே தெரிந்தவர்கள் குறைவு. அதே ஆற்றில், அதே அணைகளுக்கு மேலேயும் கீழேயும் உளுவை இன்றும் இருக்கிறது. உல்லத்துக்கு ஒரே வழிதான் இருந்தது, அது அடைபட்டது. உளுவைக்கு இரண்டு வழி. கழிமுகத்தில் இருப்பவை அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகின்றன. உள்நாட்டு நீர்த்தேக்கங்களில் மாட்டிக்கொண்டவை அங்கேயே நன்னீரில் முட்டையிட்டுப் பெருகுகின்றன.

கோபி மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விசிறிவிட்டுப் போகிறவை அல்ல. கல்லின் அடிப்புறம், மரக்கட்டை, சிப்பி ஓடு, உடைந்த ஓடு என்று கெட்டியான ஏதாவது ஒன்றில் ஒட்டவைக்கும். முட்டை உருண்டையாக இருக்காது, நீண்டு இருக்கும். ஒரு முனையில் பசை நார் இருக்கும், அதைக் கொண்டு வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பெண் இட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் காவல். துடுப்பால் விசிறி விசிறி முட்டைக்கு நல்ல தண்ணீர் போகும்படி பார்த்துக்கொள்ளும். பொரிக்கும் குஞ்சு சில மில்லிமீட்டர்தான், நீரோட்டத்தோடு மிதந்து போகும். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அந்தக் குஞ்சுகள் மடை வழியாகக் கண்மாய்க்குள் வந்துவிடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். விராலும் குரவையும் காற்றைச் சுவாசிக்கும்; கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் சில நாள் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உளுவைக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் போனால் உயிரும் போயிற்று. அதனால் முழுக்க வற்றிய கண்மாயில் அடுத்த வருஷம் நீங்கள் பார்க்கிற உளுவை, எங்கோ வற்றாமல் கிடந்த மடுவிலிருந்தோ ஆற்றுக் குட்டத்திலிருந்தோ அணையிலிருந்தோ புதிதாக வந்த மீன். வரத்து வாய்க்கால் அடைபட்ட கண்மாய்களில் முதலில் காணாமல் போகிற மீன்களில் இதுவும் ஒன்று என்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். விரால் இருக்கும், கெளுத்தி இருக்கும், உளுவை இருக்காது. ஊர்க்காரர்களிடம் "வரத்துக் கால் எங்கே?" என்று கேட்டால், மூடிக்கிடக்கும் ஒரு பள்ளத்தைக் காட்டுவார்கள்.

ஒரு குறிப்பிட்ட மீன் தன் வாழ்நாளில் கடலைப் பார்த்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. மீனின் தலைக்குள், மூளைக்கு அருகே, காதுக்கல் என்று சுண்ணாம்பாலான சிறு கற்கள் உண்டு. மரத்துக்கு வளையம் போல அந்தக் கல்லும் அடுக்கடுக்காக வளரும். கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் நன்னீரைவிடப் பொதுவாக அதிகம். மீன் எந்த நீரில் இருந்தபோது எந்த அடுக்கு உருவானதோ, அந்த அடுக்கில் அதற்கேற்ற அளவு ஸ்ட்ரான்சியம் பதிந்துவிடும். கல்லைத் தேய்த்து நடுவிலிருந்து ஓரம்வரை அளந்தால், இந்த மீன் பிறந்தது உப்பிலா, வளர்ந்தது ஆற்றிலா என்று அதன் பயண நூலையே படித்துவிடலாம். உளுவையின் காதுக்கல் பெரிய மீனில் வெறுங்கண்ணுக்கே தெரியும். குழம்பு சாப்பிடும்போது தலையைக் கடித்தால் "கறுக்" என்று பல்லில் படுமே, அதுதான்.

அது இரை பிடிப்பதை நான் பார்த்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு விரல்நீள உளுவையை மூன்றடித் தொட்டியில், ஆற்று மணல் பரப்பி, சில மாதம் வைத்திருந்தேன். முதல் இரண்டு நாள் மீன் எங்கே என்றே தெரியவில்லை. மணலுக்குள் உடம்பைச் சிலிர்த்து இறங்கி, இரண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தது. உயிருள்ள சின்ன இறால் ஒன்றை விட்டேன். இறால் மணல்மேல் ஊர்ந்து ஊர்ந்து அரைச் சாண் தூரத்துக்கு வந்தது. கண்கள் மட்டும் திரும்பின. இன்னும் கொஞ்சம் நெருங்கியது. அவ்வளவுதான், மணல் ஒரு முறை பொங்கியது, இறால் இல்லை. வாய் திறந்ததை நான் பார்க்கவே இல்லை. பெரிய வாயைச் சடாரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. பிறகு செவுள் வழியாக மணலைப் புகை மாதிரி விட்டுவிட்டு, பழைய இடத்துக்கே பின்வாங்கியது. மணலை மாற்றிக் கருங்கல் பொடி போட்டபோது ஒரு நாளுக்குள் உடம்பு கறுத்துவிட்டது.

அதனால் தொட்டியில் வளர்க்கலாமா என்றால், தாராளமாக வளர்க்கலாம், ஆனால் தனியாக. கப்பி, மோலி, சின்ன கெண்டை எதையும் கூட விடாதீர்கள், காலையில் எண்ணிக்கை குறையும். இன்னொரு உளுவையைக்கூட, அளவில் சிறியதாக இருந்தால், தின்றுவிடும். சாதாரணமாக நம் கைக்கு வருவது ஒரு சாண் அளவுதான்; ஆனால் நூல்களில் அரை மீட்டர்வரை பதிவு இருக்கிறது. ஆகவே சின்னக் கண்ணாடிக் குடுவை சரிப்படாது. மெல்லிய மணல், பதுங்க ஒரு உடைந்த பானை ஓடு, மேலே மூடி. காய்ந்த தீவனத்தைச் சீந்தாது. இறால் துண்டு, மண்புழு, மீன் துண்டு கொடுங்கள், முகத்துக்கு முன்னால் அசைத்துக் காட்டினால்தான் முதலில் பிடிக்கும். கோபி என்றாலே உப்புப் போட வேண்டும் என்று கடைகளில் சொல்வார்கள். கண்மாயில் பிடித்ததற்கு உப்பு வேண்டாம். முகத்துவாரத்தில் பிடித்ததென்றால் அந்தத் தண்ணீரையே ஒரு கேனில் கொண்டுவந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீர் கலந்து மாற்றுங்கள். வளர்த்து அலுத்துப்போனால் வேறு ஊர்க் குளத்தில் விடாதீர்கள். பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள்.

சாப்பிடுவது பற்றி. நல்ல மீன். வெள்ளைச் சதை, கெண்டை மாதிரி சதைக்குள் பொடி முள் கிடையாது, நடுமுள்ளை உருவினால் குழந்தைக்கும் கொடுக்கலாம். ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் இதை விரும்பித் தேடி வாங்குகிறார்கள். செதில் சொரசொரவென்று இருக்கும், சாம்பலோ கல்லுப்போ போட்டுக் கல்லில் உரசினால் போய்விடும். சதை மிருதுவானது என்பதால் குழம்பை முதலிலேயே நன்றாகக் கொதிக்கவிட்டுச் சுண்டிய பிறகு கடைசியில் மீனைப் போட்டு, இரண்டு கொதியில் இறக்கிவிட வேண்டும். கரண்டி போட்டுக் கிண்டினால் கரைந்துவிடும். என் வீட்டில் மாங்காய் போட்டு வைப்பார்கள், விராலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒன்று, மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது உடம்பில் சிவந்த புண்ணோடு மீன் வந்தால் வாங்காதீர்கள். 1980-களின் கடைசியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பரவிய புண்நோய் அது; நீர்ப்பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வருவது, விராலையும் உளுவையையும் பிடிக்கும். இரண்டு, கழிமுகத்தில் கிடைக்கும் எல்லாக் கோபி மீனும் உளுவை அல்ல. முதல் முதுகுத் துடுப்பில் மயிர் போல நீண்ட முள்ளும் பக்கவாட்டில் பெரிய கருந்திட்டுகளும் கொண்ட ஒரு சிறு கோபி மீன் உண்டு. பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு அதனிடம் இருப்பதை ஜப்பானியத் தீவுகளில் கண்டுபிடித்தார்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. முகத்துவாரத்தில் பிடித்த பொடிக் கோபிகளை அடையாளம் தெரியாமல் சட்டியில் போடாதீர்கள். கையளவு வளர்ந்த, நாக்குப் பிளந்த உளுவை என்றால் கவலை வேண்டாம்.

உலக அளவில் உளுவை அழியும் பட்டியலில் இல்லை. அது எனக்கு நிம்மதிதான். ஆனாலும் உங்கள் ஊரில் அது இருக்குமா என்பது வேறு கேள்வி. இந்த மீன் மணலில் படுக்கிறது, மணலில் ஒளிகிறது, மணலில் வேட்டையாடுகிறது. ஆற்று மணலை அள்ளிக் களிமண் தெரிய விட்ட இடங்களில் நான் தூண்டில் போட்டிருக்கிறேன், ஜிலேபி (திலாப்பியா) மீன்தான் வருகிறது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த மீன் எந்தத் தரையிலும் குழிபறித்துக் குடும்பம் நடத்தும், உவர்நீரையும் தாங்கும், உளுவை போய் ஒதுங்கும் இடத்திலெல்லாம் அதுவும் இருக்கிறது. ஆற்றில் அணை கட்டியதைத் தாங்கிய மீன், தரையையே எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்யும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். மறுபடி கண்மாயில் உளுவை கிடைத்தால் வயிற்றைக் கிழிக்கும்போது சினை இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளாக, இரண்டு பைகளாக இருக்கும். எந்த மாதம், மீன் எத்தனை விரல் நீளம், கண்மாயில் அப்போது தண்ணீர் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பரங்கிப்பேட்டை மீனுக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டு வருஷக் குறிப்பு சேர்ந்தால் எனக்கு அனுப்புங்கள். சினையுள்ள மீனின் தலையை மட்டும் குழம்பில் போடாமல் உப்பில் வைத்துக் காயவைத்தால் காதுக்கல்லை நான் எடுத்துக்கொள்வேன்.